எந்த டெஸ்ட்டுல நார்மல்?

"குரோமோசோம் டெஸ்ட் எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க"ன்னு சொந்தக்காரங்க யாராவது போன்ல சொன்னா, இப்பல்லாம் சந்தோஷம்னு சொன்ன கையோட எந்த டெஸ்ட்டுன்னும் கேட்டுடறேன். கேக்கறவங்களுக்கு கொஞ்சம் எரிச்சலாத்தான் இருக்கும். ஆனா எங்களுக்கு ஒரே நாள்ல எடுத்த ஒரே பனிக்குட நீர்ல இருந்து மூணு ரிப்போர்ட் வந்துச்சு, முதலாவது நார்மல், ரெண்டாவது நார்மல், மூணாவது நார்மல் இல்ல, இதுல விஷயம் என்னன்னா மூணுமே சரியான ரிப்போர்ட், எந்த லேப்பும் தப்பு பண்ணல. ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் கண்ணுக்குத் தெரியறது ஒண்ணு, தெரியாதது ஒண்ணுன்னு இருக்கு. தெரியாதது என்னன்னு முன்னாடியே கேட்டு வெச்சிருந்ததாலதான் மூணாவது ரிப்போர்ட் வந்தப்ப ஆடிப்போனாலும் அப்படியே உக்காந்துடாம அடுத்த வேலைய பாக்க முடிஞ்சது.

நாங்க திருப்பூருங்க. நான் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசர். கட்டினது சொந்த அத்தை பொண்ண. 12வது வாரத்துல எடுத்த என்டி ஸ்கேன்ல குழந்தை கழுத்துக்குப் பின்னாடி தோலுக்கடியில சேர்ற நீரோட அளவு 3.8 மில்லிமீட்டர்னு வந்துச்சு. 3.5 தாண்டினாலே டாக்டருங்க அடுத்த கட்டத்தப் பத்தி பேச ஆரம்பிச்சுடுவாங்க. இந்த அளவோட ஒண்ணுமே இல்லாம பொறக்கற குழந்தைங்க நிறைய பேர் உண்டு, டவுன் சிண்ட்ரோமா இருக்கவும் வாய்ப்பு உண்டு, குரோமோசோம் எல்லாம் ஒழுங்கா இருந்து இதயத்துல மட்டும் குறை இருக்கவும் வாய்ப்பு உண்டு. கோயம்புத்தூர்ல ஃபீட்டல் மெடிசின், அதாவது வயித்துல இருக்கற குழந்தையையே பாக்கற டாக்டர் ஒருத்தர்கிட்ட அனுப்பினாங்க.

கூட வேலை பாக்கற ஃப்ரண்டு ஒருத்தன் "அம்மா ரத்தத்துலயே பாத்துடலாம்டா, என்ஐபிடி போதும், ஊசியெல்லாம் எதுக்கு"ன்னான். நியாயமான கேள்விதான். அம்மா ரத்தத்துல குழந்தையோட டிஎன்ஏ மிதக்குதுன்னு 1997ல டென்னிஸ் லோங்கற விஞ்ஞானியோட டீம் கண்டுபிடிச்சதுல இருந்து வந்தது அந்த டெஸ்ட். டவுன் சிண்ட்ரோமுக்கு ரொம்ப நல்ல ஸ்கிரீனிங், ஆனா அதுல வர்ற டிஎன்ஏ நஞ்சுக்கொடிலருந்து வர்றது, முக்கியமா 21, 18, 13ன்னு சில குரோமோசோமோட கணக்கத்தான் பாக்குது. என்டி இவ்ளோ இருக்கும்போது நேரா நீர் எடுத்துப் பாக்கறதுதான் சரின்னு டாக்டர் சொன்னார். என்டி நார்மலா இருந்து பயத்துக்காக மட்டும் பாக்கறவங்களுக்கு என்ஐபிடி போதுமானதா இருக்கலாம், அது வேற கேஸ்.

ஊசி போடறதுக்கு முன்னாடி ஜெனடிக் கவுன்சலிங் கட்டாயம்னாங்க. சரி ஏதோ ஆறுதல் சொல்லி அனுப்புவாங்க போலன்னு நெனச்சிட்டு போனா அங்க ஆறுதலே கிடையாது, அந்த மேடம் ஒரு வெள்ளத்தாள எடுத்து மூணு தலைமுறைய வரைய ஆரம்பிச்சுட்டாங்க. ஆம்பளைக்கு கட்டம், பொம்பளைக்கு வட்டம். யாருக்கு கரு கலைஞ்சது, யார் சின்ன வயசுலயே தவறினாங்க, யாருக்கு காது கேக்காது, எல்லாம் கேட்டு கேட்டு எழுதறாங்க. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மட்டும் ஒத்தக் கோட்டுக்குப் பதிலா ரெட்டக் கோடு போட்டாங்க, சொந்தத்துல கல்யாணம்னா அப்படித்தான் போடுவாங்களாம். கூட வந்த எங்கம்மா அந்த ரெட்டக் கோட்டையே பாத்துட்டு இருந்தாங்க. அப்புறம் மெதுவா "எங்க மாமியாருக்கு ஒரு கொழந்த எட்டு மாசத்துல போச்சுங்க"ன்னாங்க, எனக்கே அது அன்னிக்குத்தான் தெரியும். போறவங்களுக்கு நான் சொல்றது, வீட்டுப் பெரியவங்க ஒருத்தர கூட்டிட்டுப் போங்க, இல்லாட்டி முந்தின நாளே போன் போட்டு ரெண்டு பக்கத்துக் கதையும் கேட்டு எழுதிட்டுப் போங்க.

அதுக்கப்புறம் மேடம் டெஸ்ட் ஒவ்வொண்ணா சொன்னாங்க. எனக்கு அது காஸ்டிங் ஷீட் மாதிரி ஆயிடுச்சு, ஒவ்வொண்ணுக்கும் எவ்ளோ நாள், எவ்ளோ காசு, எது தெரியும், எது தெரியாதுன்னு நோட்டுல நாலு காலம் போட்டு எழுதினேன். முதல்ல க்யூஎஃப்-பிசிஆர், ரெண்டு மூணு நாள்ல வந்துடும், 13, 18, 21, அப்புறம் பாலினக் குரோமோசோம் எண்ணிக்கை, அவ்ளோதான். அடுத்து மைக்ரோஅரே, இதுக்கு டிஎன்ஏவோட அளவுதான் கணக்கு, எங்கயாவது ஒரு துண்டு கூடுதலா இருக்கா குறைஞ்சிருக்கான்னு ரொம்ப சின்ன துண்டு வரைக்கும் காட்டும். மூணாவது கேரியோடைப், பழைய முறை, செல்ல வளத்து சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்ல குரோமோசோம நேரடியா பாக்கறது. மொத்த ஜீனோம், அதாவது நம்ம டிஎன்ஏ முழுசும், 300 கோடி எழுத்துன்னா, 50 லட்சம் முதல் 1 கோடி எழுத்துக்குக் கீழ போன குறை இதுல தெரியாது.

அப்ப எதுக்குங்க கேரியோடைப், அதான் மைக்ரோஅரே அதவிட நுணுக்கமாச்சேன்னு கேட்டேன். நல்ல கேள்வின்னு சொல்லிட்டு விளக்கினாங்க. ரெண்டு குரோமோசோம் உடைஞ்சு துண்டு மாத்தி ஒட்டிக்கிட்டா மொத்த டிஎன்ஏ அளவு மாறாது, இருக்கறது எல்லாம் இருக்கும், இடம்தான் மாறியிருக்கும். அளவு மட்டும் பாக்கற மைக்ரோஅரேக்கு அது நார்மல்தான். இதுக்குப் பேரு பேலன்ஸ்டு டிரான்ஸ்லொகேஷன். 2012ல வாப்னர்ங்கற டாக்டரோட குரூப் அமெரிக்காவுல பண்ண பெரிய ஸ்டடிலயே ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் வந்துச்சுன்னாங்க: ஸ்கேன்ல உறுப்புக் குறை தெரிஞ்சு கேரியோடைப் நார்மலா வந்த கேஸ்கள்ல 6 சதவீதத்துக்கு மைக்ரோஅரே புதுசா ஏதோ முக்கியமானத கண்டுபிடிச்சது, ஆனா பேலன்ஸ்டு டிரான்ஸ்லொகேஷன அதால பிடிக்க முடியல. நாங்க மூணையும் பண்ணச் சொன்னோம். இன்ஷூரன்ஸ் ஒரு பைசா குடுக்கல, அத தனியா சொல்லணும்னு இல்ல.

16வது வாரம் முடிஞ்சு அம்னியோ, அதான் பனிக்குட நீர் எடுக்கறது. ஃபார்ம் ஜின்னு ஒரு சம்மதக் கடிதம், கருவுலயே பாலினம் பாக்கறத தடுக்கற பிசிபிஎன்டிடி சட்டத்துல வர்றது, அது தமிழ்ல கேட்டா தமிழ்ல தருவாங்க, கேளுங்க. ஸ்கேன் பாத்துட்டே மெல்லிசான ஊசிய வயித்துல இறக்கி கிட்டத்தட்ட 20 மில்லி எடுத்தாங்க, லேசான மஞ்சளா இருந்துச்சு. முதல்ல வர்ற கொஞ்சத்த தூர ஊத்திடறாங்க, ஊசி போற வழில அம்மாவோட செல் ஒட்டிக்கிட்டு வந்து ரிசல்ட்ட குழப்பிடக்கூடாதுன்னு. அதுக்காகவே அம்மா ரத்தமும் கொஞ்சம் கூட அனுப்புவாங்க. நெகட்டிவ் குரூப் ரத்தமா இருந்தா ஆன்டி-டி ஊசி போட்டுக்கணும், என் பொண்டாட்டிக்கு ஓ பாசிட்டிவ் அதனால வேணாம்னுட்டாங்க. ஊசி போட்டப்ப எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன், "வலிக்கல மாமா, உள்ள என்னமோ சுருக்குன்னு இழுத்துச்சு"ன்னா. கரு கலையற அபாயம் பத்தி எல்லாரும் பயமுறுத்துவாங்க, நல்ல பழக்கமான கையில அது ஆயிரத்துக்கு சில பேர்ங்கற அளவுதான்.

ஒரு சின்ன விஷயம், ஆனா முக்கியம். கேரியோடைப்புக்கு செல் உயிரோட இருக்கணும். அதனால வெள்ளி சனில எடுத்தா லேப்புக்கு எப்ப போய் சேரும்னு கேட்டுக்கணும், பொங்கல் தீபாவளி லீவு முன்னாடி எடுக்கவே எடுக்காதீங்க.

க்யூஎஃப்-பிசிஆர் சீக்கிரமே வந்துடுச்சு, நார்மல். வீட்டுல கேசரி கிண்டினாங்க. ரெண்டு வாரம் கழிச்சு மைக்ரோஅரே, அதுவும் நார்மல், அத்தை மருதமலைக்கு நேந்துக்கிட்டத தீத்துட்டு வந்தாங்க. அதுக்கப்புறம் ஒரு சாயங்காலம் ஷிப்மென்ட் வேலைல இருக்கேன், வாட்ஸப்ல லேப்லருந்து பிடிஎஃப், எந்த விளக்கமும் இல்ல, ஒரு போனும் இல்ல. தொறந்து பாத்தா டி-ன்னு போட்டு அடைப்புக்குறிக்குள்ள 6, 14ன்னு ரெண்டு நம்பர், அதாவது 6வது குரோமோசோமும் 14வதும் துண்டு மாத்திக்கிட்டிருக்கு, கீழ "பார்வைக்கு சமநிலையில் உள்ளது, பெற்றோர் இருவரின் கேரியோடைப் தேவை"ங்கற அர்த்தத்துல ஒரு வரி. பாலினக் குரோமோசோம் வரவேண்டிய இடத்த மறைச்சிருந்தாங்க, நம்ம நாட்டுல அத சொல்லக்கூடாது, சொந்தக்காரங்க நாலு பேர் "அந்த ரிப்போர்ட்ல எழுதியிருக்குமே, பையனா பொண்ணா"ன்னு கேட்டது தனிக்கூத்து. இப்படி ஒரு ரிப்போர்ட்ட வாட்ஸப்ல அனுப்பறத நான் இன்னிக்கும் ஒத்துக்க மாட்டேன். சேம்பிள் குடுக்கும்போதே "ரிசல்ட்ட டாக்டருக்கு மட்டும் அனுப்புங்க, நாங்க நேர்ல வந்து கேட்டுக்கறோம்"னு எழுதிக் குடுத்துடலாம், அப்படி ஒரு வழி இருக்குன்னு யாரும் சொல்றதில்ல.

அடுத்த நாள் எங்க ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தாங்க, பச்சை மூடி டியூப், கேரியோடைப்புக்கு ஹெபரின் போட்ட அதுதான், ஊதா மூடி டிஎன்ஏ டெஸ்ட்டுக்கு. பச்சைய ஃப்ரிட்ஜ் ஃப்ரீசர்ல வெச்சுடக்கூடாது, செல் செத்துடும். எங்கள்ல ஒருத்தருக்கு அதே மாற்றம் இருந்து நாங்க ஆரோக்கியமா நடமாடிட்டு இருந்தா குழந்தைக்கும் பெரும்பாலும் பயமில்ல, அதனால அப்பாவுக்கோ அம்மாவுக்கோ 'குறை' இருக்கணும்னு சாமி கும்பிட வேண்டிய விசித்திரமான நிலைமை. ரெண்டு பேருக்கும் சுத்தமா நார்மல்னு வந்துச்சு. அப்படின்னா குழந்தைக்கு புதுசா உண்டானது, டி நோவோ.

இப்பதான் நம்பர் வந்துச்சு. 1991ல டோரதி வார்பர்ட்டன்ங்கறவங்க லட்சக்கணக்கான அம்னியோ ரிசல்ட்ட சேத்துப் பாத்து, இந்த மாதிரி புதுசா வர்ற டிரான்ஸ்லொகேஷன்ல குறையோட பொறக்கற வாய்ப்பு 6 சதவீதம் சுமார்னு சொல்லியிருக்காங்க. எந்தக் கர்ப்பத்துலயும் 2, 3 சதவீதம் இருக்கத்தான் செய்யும். அது கேக்க பரவாயில்லன்னு தோணுச்சு. ஆனா மேடம் அதோட நிறுத்தல, டென்மார்க்ல 2018ல வந்த ஒரு ஸ்டடியும் சொன்னாங்க, இப்படி கண்டுபிடிச்ச 41 பேர சராசரியா 17 வருஷம் கழிச்சு பாத்திருக்காங்க, வளர்ச்சி மனநல பிரச்சினை 19.5 சதவீதம் பேருக்கு, மத்த பிள்ளைங்கள்ல 8.3 தான், நேர்ல கூப்பிட்டு சோதிச்சப்ப அது 26.8க்கு போயிடுச்சு. சின்ன குரூப், அதனால அப்படியே எடுத்துக்க வேணாம், ஆனா மறைக்கவும் நான் விரும்பலன்னாங்க. அந்த ஸ்டடில மைக்ரோஅரே நார்மலா வந்தது எதிர்காலத்தப் பத்தி ஒண்ணும் பெருசா சொல்லல, எந்த ஜீன் நடுவுல உடைஞ்சிருக்குன்னு பாத்ததுதான் உதவியிருக்கு. இந்த ரெண்டாவது நம்பர சொல்லாம விட்டிருந்தா எங்களுக்கு அன்னிக்கு தூக்கம் வந்திருக்கும். ஆனாலும் சொன்னதுதான் சரின்னு நான் சொல்வேன்.

அதுக்குள்ள 20 வாரம் நெருங்கியாச்சு. சட்டத்தையும் நேராவே கேட்டோம், கூச்சப்படாம கேளுங்க, கேக்கறதாலயே நீங்க ஒரு முடிவுக்கு வந்துட்டீங்கன்னு அர்த்தம் இல்ல. 2021 திருத்தத்துக்கு அப்புறம் 20 வாரம் வரை ஒரு டாக்டர், 20லருந்து 24 வரைக்கும் குறிப்பிட்ட காரணங்களுக்கு ரெண்டு டாக்டர், குழந்தைக்கு கடுமையான குறை வாய்ப்பும் அந்தக் காரணங்கள்ல ஒண்ணு, 24க்கு மேல மெடிக்கல் போர்டு. உறுப்பு ஒவ்வொண்ணா பாக்கற அனாமலி ஸ்கேன், குழந்தையோட இதய எக்கோ ரெண்டும் சுத்தமா வந்துச்சு. எங்கப்பா "ஸ்கேன்தான் நல்லாருக்கே, விடுங்கப்பா"ன்னார். இவ மட்டும் "எங்க உடைஞ்சிருக்குன்னு பாக்க முடியாதா மாமா"ன்னு கேட்டுட்டே இருந்தா, அதுதான் சரியான கேள்வின்னு அப்புறம் தெரிஞ்சுது.

அதுக்குத்தான் ஆப்டிகல் ஜீனோம் மேப்பிங். சாதாரண முறைல டிஎன்ஏவ பிரிச்செடுக்கும்போது அது துண்டு துண்டா போயிடும், இதுல ரொம்ப பக்குவமா எடுத்து 1.5 லட்சம் எழுத்துக்கு மேல நீளமா இருக்கற இழையாவே வெச்சுக்கறாங்க. அதுல சிடிடிஏஏஜின்னு ஆறெழுத்து வர்ற இடத்துல எல்லாம் ஒளிர்ற ஒரு புள்ளி ஒட்டி, நானோ அளவு குழாய்க்குள்ள இழைய நீட்டி ஓடவிட்டு போட்டோ எடுக்கறாங்க. நம்ம ரோட்டு மைல்கல் மாதிரி நெனச்சுக்கோங்க, அவிநாசி ரோட்டுல போயிட்டே இருக்கும்போது திடீர்னு அடுத்த கல்லுல தாராபுரம் பேர் இருந்தா, அந்த ரெண்டு கல்லுக்கு நடுவுல எங்கயோ ரோடு மாறியிருக்குன்னு தெரிஞ்சிடும்ல. கல்லுக்குக் கல்லு சராசரி 6, 7 ஆயிரம் எழுத்து. கேரியோடைப்போட 50 லட்சத்தோட ஒப்பிட்டா இது எங்கயோ இருக்கு. ஆனா கல்லுக்கு நடுவுல இருக்கற குழி தெரியாது, அதாவது ஒத்த எழுத்து மாறின வியாதி எதுவும் இதுல வராது, அதுக்கு எக்ஸோம் மாதிரி வரிசைய படிக்கற டெஸ்ட் வேணும். குரோமோசோமோட இடுப்புப் பகுதிலயும் புள்ளி சரியா விழாது, அதனால ராபர்ட்சோனியன்னு சொல்ற வகை டிரான்ஸ்லொகேஷனுக்கு இத நம்ப முடியாது. எங்களுது ரெண்டு குரோமோசோமுமே இடுப்புல இல்லாம நீளக் கையில உடைஞ்சதால தப்பிச்சோம்.

இங்கதான் நான் இந்தப் பதிவ எழுதறதுக்கே காரணமான விஷயம் வருது. இந்த டெஸ்ட்டுக்கு ஏற்கனவே பிரிச்சு வெச்ச டிஎன்ஏ ஆகாது, உயிர் செல்லோ ஒழுங்கா உறைய வெச்ச செல்லோ வேணும், அதுவும் லட்சக்கணக்குல. ரிப்போர்ட் குடுத்ததும் வளத்த செல்ல தூக்கிப் போட்டுட்டா மறுபடி வயித்துல ஊசிதான். எங்க கவுன்சலர் முதல் நாளே லேப் ஃபார்ம்ல "மீதி கல்ச்சர பாதுகாத்து வைக்கவும்"னு கையால எழுதி சீல் வெச்சிருந்தாங்க. அந்த ஒரு வரியால செல் வளத்த ஃபிளாஸ்க் இருந்துச்சு. நீங்க எந்த டெஸ்ட்டுக்கு நீர் குடுத்தாலும் சரி, பேக்கப் கல்ச்சர் வெப்பீங்களா, எத்தன வாரம் வெப்பீங்கன்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. இந்த மேப்பிங் எல்லா ஊர் லேப்லயும் கிடையாது, வெளியூருக்கு அனுப்பணும், அனுப்பறதுக்கு முன்னாடி அவங்க வளத்த பனிக்குட நீர் செல்ல எடுத்துப்பாங்களான்னு கேட்டே ஆகணும்.

ரிசல்ட்ட இந்த தடவ நேர்ல போய் கேட்டோம். 6வது குரோமோசோம்ல உடைஞ்ச இடத்துக்கு ரெண்டு பக்கமும் கொஞ்ச தூரத்துக்கு ஜீனே இல்ல. 14ல ஒரு ஜீனுக்குள்ள உடைஞ்சிருக்கு, ஆனா அது ஒரு காப்பி போனாலும் இன்னொண்ணு வெச்சு சமாளிக்கற வகை, அதால வியாதி வந்ததா பதிவு இல்ல. கேரியோடைப்ல தெரியாத வேற உடைப்பு ஏதும் ஒளிஞ்சிருக்கான்னும் பாத்திருக்காங்க, இல்ல. மேடம் ஒரு தடவ கூட 'பயமில்ல'ங்கற வார்த்தைய சொல்லல. "நமக்குத் தெரிஞ்ச வரைக்கும் கவலைப்படற மாதிரி எதுவும் உடையல, பக்கத்து ஜீன்களோட கட்டுப்பாடு மாறியிருக்கலாம்ங்கறத முழுசா ஒதுக்க முடியாது, ஆனா நீங்க முன்னாடி கேட்ட நம்பரவிட இப்ப நிலைமை நல்லாவே இருக்கு"ன்னாங்க. தொடர்றதுன்னு நாங்க முடிவு பண்ணோம். இவ வெளிய வந்து பேக்கரில ரெண்டு பப்ஸ் சாப்பிட்டா, அதுக்கு முன்னாடி ஒரு வாரமா சரியா சாப்பிடவே இல்ல.

கேரியோடைப் பண்ணாமலே இருந்திருந்தா இந்த ரணமே இல்லையேன்னு பல பேர் கேட்டாச்சு, மைக்ரோஅரே மட்டும் பண்ற இடங்கள் இப்ப நிறைய, அங்க போயிருந்தா நார்மல்னு ஸ்வீட் குடுத்து முடிச்சிருப்போம். இவளே சில நாள் அப்படி சொல்லுவா. எனக்கு அதுல ஒரு தீர்ப்பு கிடையாது, ஒவ்வொருத்தர் மனசு ஒவ்வொரு மாதிரி. அதனாலதான் டெஸ்ட்டுக்கு முன்னாடியே "தெளிவா சொல்ல முடியாத ஒரு ரிசல்ட் வந்தா நமக்குத் தெரியணுமா"ன்னு புருஷன் பொண்டாட்டி உக்காந்து பேசிக்கணும்ங்கறேன். மைக்ரோஅரேலயும் அர்த்தம் தெரியாத மாற்றம்னு ஒரு வகை ரிசல்ட் வரும், அத ரிப்போர்ட்ல போடணுமா வேண்டாமான்னு சில இடத்துல சம்மதப் படிவத்துலயே கேப்பாங்க, படிக்காம டிக் அடிச்சுடாதீங்க.

அப்புறம் வீட்டுப் பேச்சு. "சொந்தத்துல கட்டினா இப்படித்தான்"னு பக்கத்து வீடு வரைக்கும் சொன்னாங்க, அத்தை ஒரு நாள் அழுதே போயிட்டாங்க. கவுன்சலர்கிட்ட அவங்களையும் கூட்டிட்டுப் போனோம். சொந்தத்துல கட்டறதால கூடற அபாயம் வேற, ஒரே பழுதான ஜீன் ரெண்டு பக்கத்துலருந்தும் சேர்ந்து வர்ற வியாதிகளுக்குத்தான் அது. புதுசா குரோமோசோம் உடைஞ்சு மாறி ஒட்டறதுக்கும் ரெட்டக் கோட்டுக்கும் சம்பந்தமே இல்ல. சொல்லப்போனா இந்த மாதிரி டி நோவோ மாற்றம் பெரும்பாலும் அப்பாவோட விந்தணு உருவாகற இடத்துல நடக்கறதுன்னாங்க. வீட்டுல இவள நோக்கி நீண்ட விரல் எல்லாம் அன்னியோட மடங்கிடுச்சு, யாரும் என்னையும் ஒண்ணும் சொல்லல, ஆம்பளைங்கறதால இருக்கும்.

பொண்ணு பொறந்தா. நடக்கறா, ஓடறா, அவங்க ஆத்தா போன பிடுங்கி எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பறா. குழந்தை டாக்டருக்கு ரிப்போர்ட் காப்பி குடுத்து, பேச்சு, நடை, கவனம் எல்லாத்தையும் கொஞ்சம் அடிக்கடி பாக்கச் சொல்லியிருக்கோம். கேரியோடைப், மேப்பிங், கவுன்சலர் எழுதின கடிதம் மூணையும் ஸ்கேன் பண்ணி ரெண்டு இடத்துல வெச்சிருக்கேன், ஏன்னா அவ கல்யாணம் ஆகி குழந்தைன்னு வரும்போது இந்த மாற்றம் சமநிலை இல்லாம கருவுக்குப் போய் கரு கலையலாம், அப்ப அவ டாக்டருக்கு முதல்ல வேண்டியது இந்தக் காகிதம்தான்.

எங்களுக்கு அடுத்த குழந்தைல இதே மாற்றம் மறுபடி வர வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழ. அத்தை பொண்ண கட்டின கணக்கு மட்டும் இன்னும் பாக்கி இருக்கு, அதுக்கு தலசீமியாங்கற பரம்பரை ரத்த வியாதிக்கான ஹெச்பிஎல்சி ரத்த டெஸ்ட் முடிச்சாச்சு, ஒரே பழுதான ஜீன ரெண்டு பேரும் சுமக்கறோமான்னு பாக்கற கேரியர் ஸ்கிரீனிங்குக்கு ரெண்டு பேரும் ரத்தம் குடுத்திருக்கோம். அத கருத்தரிக்கறதுக்கு முன்னாடியே பண்ணிடுங்கன்னு மேடம் சொன்னாங்க, அப்ப வாரக்கணக்கு யாரையும் துரத்தாது.